கை நனைத்த வீடு

சந்திரலேகா நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போவாள். துணியைப் பாதியில் போட்டுவிட்டு வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓடுவாள். இந்த ஒரு வருஷமாக அந்தக் கேட்தான் அவளுக்குக் குலதெய்வம்; தொட்டுக் கும்பிடாத குறை. கேட் திறந்து கிடந்தால் வீட்டில் அக்கா இல்லை என்று அர்த்தம்.

அக்கா ராமாமிர்தம் முதுநகர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். ஒரு காலத்தில் கடலூரில் பாதிப் பேருடைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். இப்போது செம்மண்டலத்தில் தங்கச்சி வீட்டுக் கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதுகூட மறந்துவிட்டது. டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய், இனிமேல் ஏறத்தான் செய்யும், ராத்திரி பகலென்று ஒருத்தர் கூடவே இருக்கவேண்டும் என்றார். சொல்கிறவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

ஒருமுறை அக்காவைத் திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். இன்னொரு முறை முதுநகர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், காலில் செருப்பில்லாமல். அதற்குப் பிறகு சந்திரலேகா அக்காவின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுக்க ஆரம்பித்தாள். விடியற்காலையில் அக்கா எழுந்து விறுக்கென்று நடந்ததில் இவள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து கை உடைந்ததுதான் மிச்சம். மாவுக்கட்டோடு அக்காவைக் குளிப்பாட்ட முடியவில்லை. புருஷன் மணவாளனோ போன வருஷம் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டவர், ஒரு பக்கெட் தண்ணீர் தூக்கக்கூடாது. பையன் துபாயில்.

"இதுக்கு மேல நம்பளால முடியாது லேகா. நல்ல எடமா ஒண்ணு பாத்து சேத்துடுவோம்" என்றார் மணவாளன்.

அன்று அவள் சாதத்தைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே பதில் இருந்தது. பெற்றவள் போனபோது சந்திரலேகாவுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே புருஷன் செத்து, அவன் வேலை அவளுக்குக் கிடைத்தது. பிள்ளை இல்லாதவள் தங்கச்சியைப் பிள்ளையாக வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் காசு கட்டிய இடத்தில் விடுவதா? ஆனால் மறுநாள் காலை குளியலறையில் அக்கா வழுக்கப் பார்த்து, ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தபோது, தானும் சேர்ந்து விழப்போவதை அவளே உணர்ந்தாள். மத்தியானம் செருப்பை மாட்டிக்கொண்டு தானாகவே இடம் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

இடம் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் மாடிப்படி செங்குத்து. ஓரிடத்தில் ஜன்னல் சின்னது. ஓரிடத்தில் எல்லாமே நன்றாக இருந்தது, அதனால் சந்தேகமாக இருந்தது. இன்னோரிடத்தில் தரை பளபளவென்று இருக்கிறது, வழுக்கும் என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மணவாளன். "எனக்கு ஒன்னக் கட்டிக் குடுக்கறதுக்கு மாப்பிள்ளை வூடு பாக்க வந்தப்பகூட ஒங்கக்கா இத்தினி நொட்டம் சொல்லல."

பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த ராமாமிர்தம் நிமிர்ந்தாள். பல மாதமாகச் செத்துக் கிடந்த கண்ணில் வெளிச்சம் வந்தது.

"மாப்பிள்ளை வூடா? லேகாவுக்கா? எந்த ஊரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாமிர்தம் அதற்குள் எழுந்து சீப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் பச்சப் பட்ட எட்றி. நான் பாக்காம முடிக்கக்கூடாது."

பார்க்காமல் அக்கா முடிக்கவும் மாட்டாள். சந்திரலேகாவின் கல்யாணப் பேச்சு வந்தபோது, தாலியறுத்தவள் முன்னால் போகலாமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா முன்னால்தான் போனாள். போகிற வீட்டில் நேராகத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பாள். வீட்டுப் பெண்கள் ஒருத்தியோடு ஒருத்தி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுப்பாள். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டாள். கை நனைப்பதென்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், பிறகு பேச்சு மாறக்கூடாது. மூன்று வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவள், சிதம்பரத்தில் மணவாளன் வீட்டில்தான் இலையில் உட்கார்ந்தாள்.

அவளை வீட்டில் தனியே விட்டுப் போக வழியில்லாததால் மறுநாள் பட்டுப்புடவையோடு காரில் ஏற்றிக்கொண்டார்கள். மணவாளனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணத் தரகர் என்று முடிவு செய்துவிட்டாள்.

"தரகரே, பையன் குடிப்பானா?"

"காப்பி குடிப்பான்மா" என்றார் மணவாளன்.

முதலில் போனது கடலூரிலேயே புதிதாகக் கட்டிய ஒரு முதியோர் இல்லம். கழுத்தில் டை கட்டிய மேனேஜர் காகிதக் கோப்பையில் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தான். சந்திரலேகா கையை நீட்டினாள். அக்கா அவள் தொடையில் சுருக்கென்று கிள்ளினாள். "கை நனைக்காதடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஹாலில் ஒரே நிற நைட்டியில் கிழவிகள் வரிசையாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலைமுடி காதுக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தது.

"ஏன்பா, இந்த வூட்டுப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஏன் தலைய இப்புடி வெட்டி வுட்டுருக்கீங்க?"

"மெயின்டெயின் பண்ண ஈசிங்க. வந்த அன்னிக்கே வெட்டிடுவோம்."

ராமாமிர்தம் எழுந்தாள். "எந்தங்கச்சிக்கு இடுப்புக்குக் கீழ முடி. இந்த வூடு வேணாம்."

சந்திரலேகாவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. எலிவால் மாதிரி ஒரு கொண்டை, அதிலும் பாதி நரை. காரில் ஏறிய பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வந்தவள் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அழுதுகொண்டிருந்தாள். தன்னை விட்டுவிட்டு வரப் பார்க்கிறவளுக்காக அக்கா வீடு பார்க்கிறாள். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அடுத்த இடம். பெரிய ஓட்டு வீடு. நர்சாக இருந்து வேலையை விட்ட கயல்விழி என்கிற பெண்பிள்ளை நடத்துகிறாள். இறங்கும்போதே சந்திரலேகாவுக்குக் குறைகள் வரிசைகட்டிக்கொண்டு வந்தன. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. வாசலில் யாருடைய ஆடோ மேய்கிறது. செம்மண்டலத்திலிருந்து இவ்வளவு தூரம், அவசரம் என்றால் எப்படி வருவது? கயல்விழியோ வாங்க என்று சொல்லக்கூட நேரமில்லாமல் உள்ளே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து பின்பக்கம் போய்விட்டாள். சந்திரலேகா பின்னாலேயே ஓடினாள். கொடியில் விதவிதமான புடவைகள் காய்ந்தன. சாப்பாட்டு நேரம். நீளக் கூடத்தில் பெஞ்சு போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெரியவருக்கு ஒரு பெண் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயில் வாங்கியதை விழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அடுத்த கவளத்தைக் கையில் உருட்டியபடி காத்திருந்தாள். அதட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, ஏதோ அவருடைய ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கிய பிறகுதான் கை மேலே போனது.

ராமாமிர்தம் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"இங்க வேல பாக்குற பொண்ணு பெரிம்மா" என்றாள் அதற்குள் வந்துவிட்ட கயல்விழி. "அவர்கிட்ட அவ ஒருத்திக்குத்தான் பொறுமை. எனக்குக் கோவம் வந்துடும், அதனால நான் ஊட்டறதில்ல."

"உண்மயச் சொல்றா" என்றாள் அக்கா சந்திரலேகாவிடம். பிறகு குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள். பெஞ்சில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தட்டில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் விழுந்தன. நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள்.

பசியாகவும் இருந்திருக்கலாம். மணி இரண்டாகியிருந்தது, காலையில் இட்லியை வேறு கைப்பையில் ஒளித்துவைத்துவிட்டிருந்தாள். ஆனால் சந்திரலேகா ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியாக மோரும் வாங்கிக் குடித்துவிட்டு அக்கா சொன்னாள்:

"கை நனைச்சாச்சு. முடிச்சிடுங்க தரகரே."

நாள் பார்த்தது மணவாளன்தான். வெள்ளிக்கிழமை. அந்த ஒரு வாரமும் சந்திரலேகா வீட்டில் நடந்த நடையைச் சேர்த்தால் திருப்பதிக்கே போய்வந்திருக்கலாம். புடவைகளை மடித்துப் பெட்டியில் வைப்பாள், வெளியே எடுப்பாள். "வேணாங்க, போன் பண்ணி வரலன்னு சொல்லிடுங்க" என்பாள். அவர் போனை எடுத்தால் பிடுங்கி வைப்பாள். ராமாமிர்தமோ அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தங்கச்சிக்குச் சீர்ப்பெட்டி அல்லவா? ஒரு மஞ்சள் கிழங்கையும் குங்குமச் சிமிழையும் தன் கையாலேயே உள்ளே வைத்தாள்.

அவர்கள் போனபோது கயல்விழி கட்டிலில் புது விரிப்புப் போட்டுவைத்திருந்தாள். பக்கத்திலேயே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே முருங்கைமரம். அக்கா கட்டிலை அழுத்திப் பார்த்தாள். பெட்டியைக் கட்டிலடியில் தள்ளினாள். பிறகு சந்திரலேகாவின் மோவாயைப் பிடித்தாள்.

"காலையில வெள்ளன எந்திரி. எதிர்த்துப் பேசாத. ஆனா சொல்லவேண்டியத சொல்லாம முழுங்கவும் முழுங்காத. அழக்கூடாது, என்னா? நான் வரட்டா?"

வரட்டா என்றவள் வந்தே விட்டாள். விறுவிறுவென்று கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, காரின் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "தரகரே, வண்டிய எடுங்க. இருட்டறதுக்குள்ள வூடு போவணும்."

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மணவாளன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கயல்விழி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக அவளுக்குத் தெரியும், ஆனால் சந்திரலேகாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சந்திரலேகா ஓடிப்போய் அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். யோசித்துச் செய்ததல்ல. கல்யாணமாகிச் சிதம்பரத்தில் மாமியார் வீட்டு வாசலில், பத்தொன்பது வயதில், இதே மாதிரிதான் பிடித்தாள். அன்றைக்கு விடவேயில்லை. கடைசியில் அக்கா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தங்கச்சிக்குத் துணையாக அங்கேயே தங்கினாள், பொங்கல் கழித்துத்தான் போனாள். ஒரு பொண்ணு கேட்டோம், ரெண்டு பொண்ணு குடுத்தாங்க என்று மணவாளன் இன்றுவரைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

"போவாதக்கா" என்றாள் சந்திரலேகா. "எனக்குப் பயமா இருக்கு. நீ துணைக்கு இருந்துடுக்கா."

ராமாமிர்தம் முந்தானையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நரைத்த தலையும் மாவுக்கட்டும் அவள் கண்ணில் பட்டதா, தெரியாது.

"கல்யாணம் ஆவப்போற பொண்ணு மாரியா அழுவற? ஆபீசுக்கு லீவு சொல்லணுமேடி."

"நான் சொல்லிடறேன்மா" என்றார் மணவாளன், வண்டிக்குள்ளிருந்து.

"சரி. நீ பழவற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்கக்கூடாது."

உள்ளே போனாள். கட்டிலில் ஏறிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கயல்விழி கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கட்டில் பாட்டியிடம், "எந்தங்கச்சிய இங்க குடுத்துருக்கு" என்றாள்.

சந்திரலேகா கட்டிலருகில் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். இன்னும் கொஞ்சநேரம் இருந்தால் தானும் போகப்போவதில்லை, அக்காவையும் விடப்போவதில்லை என்று தெரிந்தது. வீட்டில் அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த மருந்துகளையெல்லாம் கயல்விழியிடம் கொடுத்தாகிவிட்டது. சொல்லவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"மாமியாரோடவா? போயிட்டு வா. அவசரப்படாத, நிதானமா கும்புட்டுட்டு வா."

வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள். "நீ எங்கயும் போயிட மாட்டியே?"

"போடி பைத்தியம்" என்றாள் ராமாமிர்தம். "ஒன்ன இங்க வுட்டுட்டு நான் எங்க போவப்போறேன்?"

சந்திரலேகா வாசலுக்கு வந்தாள். கை பழக்கத்தில் கேட்டுக்குப் போனது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, சரியாகத்தான் விழுந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தாள். இந்தமுறை அவள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.