மலை டீமில் சின்னான் இல்லை

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தேவனூர் நாட்டுக்காரர்களுக்கும் ஆலத்தூர் நாட்டுக்காரர்களுக்கும் பந்தாட்டம் என்றால் ஆகாது. மற்றதில் எல்லாம் ஆகும். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், ஒரே நோம்பியில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாமை அறுத்த காட்டில் மூங்கில் நட்டுப் பந்தை உருட்ட ஆரம்பித்துவிட்டால் மட்டும் மாமன், மச்சான் என்ற பேச்சே கிடையாது. பந்தை விட்டுவிட்டுக் கணுக்காலைத்தான் உதைப்பார்கள்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் முதல் உலகச் சண்டைக்குப் போய்வந்த கருப்பண்ணன் பஸ்ராவிலிருந்து ஒரு காய்ச்சலையும் ஒரு தோல் பந்தையும் கொண்டுவந்ததில் ஆரம்பித்த வினை இது. காய்ச்சல் அவரோடு நின்றுபோயிற்று. பந்துதான் இரண்டு நாட்டையும் பிடித்துக்கொண்டது. அவரே எழுதாத சட்டம் வைத்தார், அவரே விசில் ஊதினார். வருஷத்துக்கு ஒரு தடவை உள்சண்டையை நிறுத்திவைத்து, இரண்டு நாட்டிலும் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, மலையிறங்கிப் போய் அடிவாரத்துக் காரவள்ளிக்காரர்களோடு ஆடுவது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். மலை டீம் என்று அதற்குப் பெயர். ஆளைப் பொறுக்கும் பொறுப்பு ஒரு வருஷம் தேவனூருக்கு, மறு வருஷம் ஆலத்தூருக்கு. இந்த வருஷம் ஆலத்தூர் முறை. பொறுக்கியவன் அர்த்தனாரி.

அர்த்தனாரி வேறு யாருமில்லை, தேவனூர் ராசுவின் ஒரே தங்கை பொன்னாயியின் புருஷன். அவன் பதினோரு பேரைக் களத்தில் நின்று வாயால் சொல்லி முடித்தபோது, அதில் ராசுவின் தம்பி சின்னான் பெயர் இல்லை.

மறுநாள் காலையில் தேவனூர்ப் பலாமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. வேலைவெட்டி எல்லாவற்றையும் மலை டீம் முழுங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"நம்மாளு அஞ்சு பேரு, அவங்காளு ஆறு பேரு. அதென்ன ஞாயம்?" என்று ஆரம்பித்தான் மாதேஸ்வரன். ராசுவின் கூட்டாளி. பந்தை ஒருநாளும் தொட்டதில்லை, ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"பதினொன்ன ரெண்டாப் பங்கு போட்டா அப்படித்தாங்க வரும்" என்றான் ஒருவன்.

"அப்படின்னா நமக்கு ஆறு வரக்கூடாதா?"

"போன வருசம் நமக்கு ஆறு."

"அது ஞாயமான ஆறு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அது ஞாயமான ஆறு என்பதில் தேவனூரில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

"சின்னானை விட்டுப்போட்டு ஆரை எடுத்திருக்கான் பாரு. அவங்காளு செல்லமுத்துவ! பலாக்காய உருட்டிவிட்டா அவனவிட முன்னால போய்ச் சேரும்."

ராசு உள்ளே வெந்துகொண்டிருந்தான். சின்னான் இந்த வருஷம்தான் ஆட வந்தவன். வந்த வருஷமே ஆலத்தூரோடு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் போட்டிருக்கிறான். உச்சி வெயிலில், பனி விலகிய நேரத்தில், சரிவில் அவன் பந்தோடு இறங்கினால் ஆலத்தூர்க்காரனே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். அவனை விட்டுவிட்டு மலை டீம் என்றால் யார் நம்புவது? அப்பனும் ஆத்தாளும் போன பிறகு தங்கையையும் தம்பியையும் தூக்கி வளர்த்தவன் ராசு. தம்பியை ஒதுக்கினால் தன்னை ஒதுக்கிய மாதிரிதான் அவனுக்கு வலித்தது.

மாதேஸ்வரன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு பாத்தேன். சொல்லலாமா வேண்டாமான்னு இருக்குது. காரவள்ளி மளிகைக்கடைக்காரரு போன சந்தைக்கு முந்தி மேல வந்தாரு. அர்த்தனாரி ஊட்டுல உப்பு மூட்டை இறங்குச்சு. அவரு மவன்தான் அங்க கோல்கீப்பரு."

"உப்பு வாங்கறது தப்பாப்பா?"

"மூட்டையாவா?"

அந்த ஒரு கேள்வி ராசுவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டையாவா? அப்புறம் அவனுக்குப் பார்த்ததெல்லாம் சாட்சி. பெயர் சொன்ன அன்று மாப்பிள்ளை தன் கண்ணைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் வெற்றிலை கூடப் போடாமல் கிளம்பிவிட்டான். ஏன்?

அன்றைக்கு மத்தியானமே ஆலத்தூருக்குப் போனான். பொன்னாயிக்கு நிறைமாதம். வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்காக ராசுவின் பெண்டாட்டி அத்தாயி உள்ளறையைச் சாணம் போட்டு மெழுகி, புதுப்பாய் விரித்து வைத்திருந்தாள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான், அதில் மாற்றுப் பேச்சில்லை. ராசுவுக்கு அந்தக் குழந்தை மேல் இப்போதே கிறுக்கு. ஆனால் அன்று அவன் போனது அந்தப் பேச்சுக்கு அல்ல.

"சின்னான் பேரு ஏன் வரல மாப்ள?"

அர்த்தனாரி ஆமணக்கு உலர்த்திக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "இந்த வருசம் வேண்டாம் மச்சான். அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஏன்னு கேக்கறேன்."

"வேண்டாம்னா வேண்டாமுங்க. விடுங்க."

உள்ளிருந்து பொன்னாயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "அண்ணா, செத்த உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு…"

அர்த்தனாரி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வை போதும் ராசுவுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். கூடப்பிறந்தவளே சேர்ந்துகொண்டாள். சுவரோரம் உப்பு மூட்டை நின்றது, வாய் கட்டி, கொழுக்க. ராசு ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தான்.

பலாமரத்தடியில் போய்ச் சொன்னபோது மாதேஸ்வரன் தொடையில் தட்டினான். "அப்பறம் என்ன? சத்தியத்துக்குக் கூப்புடு."

இரண்டு நாட்டுக்கும் பொதுவான எல்லையில் கருப்பனார் சாமி கல் ஒன்று உண்டு. யார் மேலாவது பழி சொன்னால், அந்தக் கல்லில் சூடம் ஏற்றி வைப்பார்கள். பழிக்கு ஆளானவன் குற்றமற்றவன் என்றால் உள்ளங்கையால் அந்தச் சூடத்தை அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் வாரிசு தங்காது என்பது நம்பிக்கை. அதோடு முடியாது. சத்தியம் கேட்ட வீடும் செய்த வீடும் அன்றோடு பிரிந்துவிட வேண்டும். ஒரு வீட்டுத் தண்ணீரை மற்ற வீட்டார் குடிக்கக்கூடாது, வாசற்படி மிதிக்கக்கூடாது, பிறப்பு இறப்புக்குப் போகக்கூடாது. அந்தத் தலைமுறை மண்ணுக்குப் போகிற வரைக்கும் அப்படித்தான். அதனால்தான் மலையில் நிலத்தகராறுக்குக் கூட யாரும் லேசில் சத்தியம் கேட்பதில்லை.

ராசு கேட்டான். பந்தாட்டத்துக்காகக் கேட்டான். பைத்தியம் பிடித்துக் கேட்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் கேட்டான். வாங்கித் தின்றவன் நிறைமாதப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு சூடத்தில் கை வைப்பானா? மாட்டான். கல்லுக்கு முன்னால் வந்ததும் பின்வாங்குவான். சரி மச்சான், சின்னானை எடுத்துக்கிறேன் என்பான். தம்பி டீமில் சேர்வான், வெள்ளிக்கிழமை தங்கை வீடு வந்து சேர்வாள். எல்லாம் சுபம்.

மறுநாள் பொழுது சாயும் முன்னால் எல்லைக்கல்லில் இரண்டு நாடும் கூடியது. கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பந்தைக் கொண்டாந்த என்னயச் செருப்பால அடிக்கோணும். டேய் ராசு, ஊட்டுக்குப் போடா சாமி." ராசு கேட்கவில்லை. பக்கத்தில் சின்னான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சூடம் ஏற்றினார்கள். அர்த்தனாரி முன்னால் வந்தான். ராசுவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மச்சான், பொன்னாயிய ஒருக்கா நெனச்சுப் பாருங்க. சத்தியம் வேண்டாமுங்க."

பயந்துட்டான், என்று நினைத்தான் ராசு. "தப்பு இல்லாதவனுக்கு என்ன பயம்? அணைச்சுட்டுப் போ."

அர்த்தனாரி சின்னானைப் பார்த்தான். சின்னான் வாயைத் திறந்தான், கூட்டத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். செய்ததையும் செய்துவிட்டு எம் தம்பியவே மொறைக்கிறான் பாரு என்று ராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஆருகிட்டயும் கை நீட்டல. நாடு பாத்து ஆளெடுக்கல. கருப்பனாரு சாட்சி" என்று சொல்லிவிட்டு, அர்த்தனாரி உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அமுக்கினான். சதை கருகும் வாடை வந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். ராசுவை அதற்குமேல் பார்க்கவில்லை. தன் ஆட்களோடு திரும்பிப் போய்விட்டான்.

ராசு போட்ட கணக்கில் இந்த இடம் இல்லவே இல்லை.

"கையில ஈரம் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றான் மாதேஸ்வரன்.

திரும்புகிற வழியில் பனி இறங்கி, பொழுது மங்கிவிட்டது. ராசு முன்னால் போனான். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. சின்னான் வரப்பிலிருந்து கேழ்வரகுக் காட்டுக்குள் விழுந்து கிடந்தான். பிறந்ததிலிருந்து நடந்த வரப்பு அது.

"எந்திரிடா."

சின்னான் கையை நீட்டினான். ராசு நின்ற பக்கம் நீட்டவில்லை, எதிர்ப்பக்கம் நீட்டித் துழாவினான்.

"அண்ணா, எங்க நிக்கறீங்க?"

ராசு அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். இன்னும் முழுசாக இருட்டக்கூட இல்லையே.

"பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்கண்ணா" என்று அழுதான் சின்னான். "ரெண்டு வருசமாவே. பகல்ல ஒண்ணுமில்ல. காரவள்ளில வெயில் தாழ, சந்தை கலைஞ்ச பொறவுதான் ஆடுவாங்க. அங்க போய்ப் பந்து தெரியாம நின்னா ஊரே பாத்துரும். பேசி வெச்ச பொண்ண எனக்குக் குடுப்பாங்களா? அக்காகிட்டச் சொல்லி அழுதேன். மாமன்தான் நான் பாத்துக்கறேன், ஆருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னாரு. உங்ககிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நீங்க கூட்டத்துல கோவத்துல எதையாவது கொட்டிருவீங்கன்னு பயந்தேன்."

விளக்கு வைக்கும் முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிற ஒழுக்கமான பிள்ளை என்று ராசு ஊரெல்லாம் பெருமை பேசிய தம்பி. அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். வீடு வரைக்கும் பிடித்தபடியே நடத்திக்கொண்டு போனான். வழியெல்லாம் அழுதான். தம்பிக்கு அது தெரியவில்லை.

விடிந்ததும் ஆலத்தூருக்கு ஓடினான். வேலிக்கு வெளியே நின்றான். பொன்னாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வந்துராதீங்கண்ணா."

"எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது."

"இன்னும் சத்தியமா?" என்றாள் பொன்னாயி. அவள் முகம் வீங்கியிருந்தது. "அவரு மேல சந்தேகப்பட்டீங்க, சரி. எம்மேலயுமா? அன்னைக்கு உக்காருங்கன்னு கூப்புட்டேன். அவரு மொறைச்சாலும் சொல்லிரோணும்னுதான் இருந்தேன். நின்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். நீங்க மூட்டையைப் பாத்தீங்க, போயிட்டீங்க."

"அந்த மூட்டை…"

"ஊரு முச்சூடுக்கும் உப்புண்ணா. பங்கு போடறதுக்கு."

ராசு கருப்பண்ணனிடம் போனான், பூசாரியிடம் போனான். கேட்ட சத்தியத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களையும் கேட்டான். கருப்பனாரிடம் கை வைத்ததை மனுஷன் எப்படி எடுப்பது என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அர்த்தனாரி ஏன் அப்படிச் செய்தான் என்பதைச் சொன்னாலாவது அவன் பேர் மிஞ்சும். சொன்னால் சின்னானின் கல்யாணம் போகும். அர்த்தனாரி கையைப் பொசுக்கிக்கொண்டு காப்பாற்றியது அதைத்தானே? ராசு வாயை மூடிக்கொண்டான். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அத்தாயி உள்ளறையில் விரித்த பாயைச் சுருட்டி வைத்தாள்.

காரவள்ளியில் மலை டீம் தோற்றது. பலாமரத்தடி கொந்தளித்தது.

"சின்னான் இருந்திருந்தா!" என்றான் மாதேஸ்வரன். "அத்தன பேரு முன்னாடி ஈரக்கையில சூடத்த அணைச்சவன், ஆட்டத்த விக்க மாட்டானா?"

"அர்த்தனாரி பண்ணுனது சரிதான்" என்றான் ராசு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னே?"

"ஆளெடுத்தது சரிதான். இனிமே அவனப் பத்திப் பேசாதீங்க."

மாதேஸ்வரன் கண்ணை இடுக்கி அவனைப் பார்த்தான். ராசுவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. "ஏப்பா ராசு, உனக்கு என்ன கெடைச்சுது?"

ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அதன் பிறகு அவன் வந்து உட்கார்ந்தால் கூட்டாளிகள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அவன் ஆலத்தூருக்கு ஆள் ஆகிவிட்டான் என்று ஒரு பேச்சு உலவியது. இருந்தும் மரத்தடிக்குப் போவதை அவன் விடவில்லை. ஆலத்தூர்ச் சேதி காதில் விழ அவனுக்கு வேறு இடம் இல்லை.

நாடுகளுக்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிய அன்று, மாதேஸ்வரன் மூச்சு வாங்க வந்தான்.

"ஆலத்தூர்ல அர்த்தனாரிக்குப் பையன் பொறந்திருக்கானாம். தாயும் பிள்ளையும் சுகமாம். ஆலத்தூரு டீமுக்கு ஒரு ஆளு சேந்துட்டான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். கால் நீளமா, கட்டையா, இடதுகால்காரனா என்று பேச்சு கிளம்பியது. அதற்குள் அவனைத் தடுக்கத் தேவனூரில் யாரைப் பழக்குவது என்று ஒருவன் ஆரம்பித்தான்.

ராசு எழுந்து மாதேஸ்வரனிடம் போனான்.

"பையன் ஆரு சாடைன்னு சொன்னாங்களா?"

அதை யாரும் கேட்டு வந்திருக்கவில்லை.