மேயோரா கூப்பிடாமல் போன துக்க வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு துக்க வீட்டில்தான் கிடைத்தது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் பிணம் பெட்டியில் கிடக்க, பக்கத்து மேசையில் சீட்டாட்டம் நடக்கும், காப்பி வரும். அங்கேதான் சிமியோன், அந்த மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்த தன் மனைவி பெர்பெத்துவாவின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெர்பெத்துவா அந்த நகரத்தின் முன்னாள் மேயர், பிறகு தூதர்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: ‘அதிகாரம் என்னும் ஏணியில்—’ சீச்சீ. அடித்துவிட்டேன்.

2

மேயோரா (பெண் மேயர் என்று அர்த்தம், பெர்பெத்துவாவை ஊரே அப்படித்தான் கூப்பிடும்) ஒரு சாவையும் விட்டதில்லை. அழைப்பு எதற்கு? போவார், பணம் வைத்த உறையைப் பெட்டிமேல் வைப்பார், மூக்கைச் சிந்துவார். (ஓட்டுக்காகவா என்று நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) தேர்தலில் தோற்றதும் வடக்கே ஒரு குளிர்நாட்டுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு விசா வேண்டும்.

அந்த நாட்டுத் துறைமுகச் சிறையில், கப்பல் மோதிய வழக்கில், ஜொவானி என்ற மாலுமி உள்ளே இருந்தான். மேயோரா முன்னின்று கல்யாணம் செய்துவைத்த பையன். அவன் மனைவி அனலின், நிறைமாதக்காரி, தினமும் செபுவிலிருந்து போன் போட்டு அழுவாள்.

“நினாங், பிள்ளை பொறக்கறதுக்குள்ள வந்துடுவாரா?”

கல்யாணத்துக்கு முன்னிற்கும் ஞானத்தாயை அங்கே நினாங் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் மேயோராவுக்குச் சோறு இறங்காது.

3

வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரின் அப்பா செத்துப்போனார். சேதி வந்ததும் மேயோரா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்டிமேல் உறையை வைத்தார், அழுதார், திரும்பினார்.

“அடிப்பாவி! கேஸ் நடத்துறவன் வீட்டுல பணத்தை வெச்சியா?” என்று சிமியோன் தலையில் அடித்துக்கொண்டார். “அந்த ஊர்ல அதுக்குப் பேரு லஞ்சம்டி!”

மேயோரா அலறினார். “ஐயையோ, அந்தப் பிள்ளை தலையில நானே மண்ணை வாரிப் போட்டுட்டேனே!”

[உறையைத் திருட்டுத்தனமாக எடுத்துவர அவரைத் திரும்ப அனுப்பி, ஜன்னல் வழியாக— வேண்டாம். மலிவான சிரிப்பு.]

4

மறுநாள் காலை வழக்கறிஞரே தூதரகத்துக்கு வந்தார்.

இங்கே இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் மேயோராவின் பதவி போகிறது, மற்றதில் ஜொவானிக்குத் தண்டனை கூடுகிறது. கிழித்துப் போட்டேன். நடந்தது நல்லது. நல்லதை எழுத எனக்கென்ன வெட்கம்?

அவர் உறையை மேசைமேல் வைத்தார். பிரிக்கவே இல்லை.

“இது எனக்கு வேண்டாம்மா. உங்க பையன் மேல தப்பில்ல. அப்பா போறதுக்கு முன்னாடியே விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க.”

அப்பாடா! மேயோரா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். சிமியோன் அனலினுக்குப் போன் போட வெளியே ஓடினார். எழுதும்போதே எனக்கும் மூச்சு வந்தது.

வழக்கறிஞர் எழுந்திருக்கவில்லை.

“எங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்கூட வரல. நீங்க வந்தீங்க, அழுதீங்க. எங்கப்பாவை உங்களுக்குத் தெரியவே தெரியாது.” அவர் உறையை மேயோரா பக்கம் நகர்த்தினார். “தப்பா நினைக்காதீங்க. எதுக்காக வந்தீங்க?”

5

மேயோரா என்ன சொன்னார்? சிமியோன் அப்போது உள்ளே இல்லை; அந்தக் கேள்வி வரைதான் மேயோரா அவரிடம் சொன்னாராம். மேயோராவிடமே கேட்டேன். “எழுதுறவன் நீதானே, நீயே எழுது” என்று சீட்டைக் கலைக்கப் போய்விட்டார்.

‘பையனுக்காக’ என்று எழுதினேன். ‘துக்கம்னா போகணும்ல’ என்றும் எழுதினேன். இரண்டும் உண்மைதான், இரண்டையும் அடித்தேன்.

எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். வழக்கறிஞர் பதிலுக்காக இன்னும் உட்கார்ந்திருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.