உச்சிமாகாளி பேசியது

ஆடிச்சுற்று சுற்றுவது எப்போதும் முருகம்மாள்தான். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற நாட்களில், அம்மனுக்குக் கால் வலிக்குமே என்று சங்கரன்கோவில் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அந்த வலியைத் தன் காலில் வாங்கிக்கொள்வாள். அவள் கணவர் உச்சிமாகாளிக்கு அதில் பங்கு கிடையாது. ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தன் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் கூட்டத்தோடு கூட்டமாக அம்மனை நோக்கி வீசுவார். பிறகு முருகம்மாளைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

கோயம்புத்தூரில் மகன் லிங்கேஷுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள முருகம்மாள் போனாள். கொஞ்ச மாசம் என்றுதான் பேச்சு. மருமகள் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச மாசம் இரண்டு வருஷமாகிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? உச்சிமாகாளியும் போய் இருந்து பார்த்தார். நாலாவது மாடியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார ஓர் இடமில்லை. தண்ணீர் பாய்ச்சணும் என்று சொல்லி வந்துவிட்டார்.

இந்த ஆடிக்கு முருகம்மாள் போனில் சொன்னாள்: "எனக்குப் பதிலா நீங்க சுத்திருங்க."

சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்து நிறுத்தினாள். பெயர் அனுராதா, சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். பின்னால் கேமராக்காரர்கள்.

"ஐயா, இந்தத் திருவிழாவ யுனெஸ்கோ பட்டியல்ல சேர்க்க முயற்சி பண்றோம். அதுக்காக ஒரு படம் எடுக்குறோம். பழைய கோட்டை, கோயில் மட்டுமில்ல, ஜனங்களோட வழக்கத்தையும் அவங்க காப்பாத்துறாங்க."

"இது எங்கன அழியப்போவுது? கால் வைக்க எடமில்ல பாரும்மா."

அவள் சிரித்துவிட்டாள். சட்டையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, அவரோடு சேர்ந்து நடந்தாள். ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டாள். அம்மனில் ஆரம்பித்தவர், அடுத்த சுற்றிலேயே முருகம்மாளிடம் வந்துவிட்டார்.

"இது அவ சுத்துத கோயிலும்மா. எனக்கு எந்த மூலையில திரும்பிக் கும்பிடணும்னுகூடத் தெரியல."

அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. அவருக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. ரேஷன் கடையில் கூட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போவதைச் சொன்னார். சண்டை போடக்கூட வீட்டில் ஆளில்லை என்றார்.

"ஒடம்புக்கு முடியலன்னு ஒரு பொய் சொல்லிருவமா, ஓடி வந்துருவாளேன்னுகூட நெனச்சேன். வாய் வரல. வான்னு சொன்னா வந்துருவாம்மா. அதனாலதான் சொல்ல மாட்டேங்கேன். அங்கன அந்தப் பிள்ளய யாரு பாப்பா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "இத எல்லாரும் கேப்பாங்களோ?"

"கேக்கணும்யா," என்றாள் அனுராதா, மைக்கைக் கழற்றிக்கொண்டே.

அன்றிலிருந்து உச்சிமாகாளிக்கு ஒரு பயமும், பயத்துக்கு அடியில் ஓர் ஆசையும் ஒட்டிக்கொண்டன. தான் கூப்பிட வேண்டியதில்லை. படம் வரும், முருகம்மாள் பார்ப்பாள், காதில் விழும். அதன் பிறகு அவள் பாடு.

பங்குனியில் சங்கரன்கோவில் கல்யாண மண்டபம் ஒன்றில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சண்முகையா உடன் வந்தார். அனுராதா வரவில்லை. திரையில் கோபுரம் வந்தது, கூட்டம் வந்தது, பிறகு உச்சிமாகாளியின் முகம் வந்தது. வாய் அசைந்தது. ஆனால் கேட்டது அவர் குரல் இல்லை. யாரோ ஓர் ஆண் கனத்த குரலில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான்.

"என்னவே சொல்லுதான்?" என்று சண்முகையா கேட்டார்.

முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிச் சொன்னான்: "நாட்டுல மழ பெய்யணும், வெள்ளாம செழிக்கணும்னு அண்ணாச்சி சுத்துதாங்களாம்."

மண்டபமே கைதட்டியது. யாரோ அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். உச்சிமாகாளி கும்பிட்டபடி நின்றார்.

மறுநாள் சாயங்காலம் முருகம்மாள் கூப்பிட்டாள்.

"லிங்கேசு போன்ல படத்தக் காட்டுனான். அந்தப் படம் எடுத்த பிள்ளகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசுனிய?"

"சும்மாதான். சாமியப் பத்தி."

"பொய் சொல்லாதிய. சாமியப் பத்திப் பேசுனா ஒங்க மூஞ்சி இப்படியா இருக்கும்? நாலஞ்சு வாட்டி போட்டுப் பாத்தேன். எங்கிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கியளா?"

அவள் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. "முருகு," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டே எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதற்குள் குழந்தை வீரிட்டு அழுதது. "அய்யோ, இருங்க, பிள்ள விழுந்துட்டா," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

கொஞ்சநேரம் பொறுத்து அவரே கூப்பிட்டார். லிங்கேஷ் எடுத்தான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"லேசா இடிச்சிக்கிட்டாப்பா. அம்மா மடியில போட்டுத் தட்டுதா, இப்பத்தான் பிள்ள கண்ண மூடுதா. ஏதும் அவசரமா? சொல்லுங்க, நான் சொல்லிருதேன்."

"அவசரம்லாம் இல்ல."

"என்ன விசயம்ப்பா?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாருக்கேன்னு சொல்லு."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பம்ப் செட்டுக்குக் கரண்ட் வந்திருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார்.