ஆல்டருக்குப் போகாத பெரணி

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வீட்டுப் பெரணிச் செடிதான் கோயில் பீடமான ஆல்டரின் வலப்பக்கம் நிற்கும். அப்பா சபைக் கமிட்டியில் இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம். வேறு வீட்டுச் செடி அங்கே நின்றதில்லை. ஆல்டருக்குப் போகும் எதுவும் எங்கள் வீட்டில் குளியலறை வாசலைத் தாண்டியதுமில்லை. ஆல்டர் விரிப்பைத் துவைக்கக்கூட என் மனைவி ராகேல் தனி வாளி வைத்திருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். பெரணி என் பொறுப்புக்கு வந்தது. வழுதக்காட்டில் இருக்கும் எங்கள் பிளாட்டின் முன்னறையில், அவள் வைத்த ஸ்டூலிலேயே அதை விட்டிருந்தேன். ஆனால் அவள் திறந்தே வைத்திருந்த ஜன்னலை அடைத்துவிட்டேன். எதிர் பிளாட்டில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது அதன் வழியே தெரியும். பகலெல்லாம் ஏசி ஓடியது. இலைகள் நுனியில் கருகின. தண்ணீரைக் கூட்டி ஊற்றினேன்; இன்னும் கருகின. காலையில் பெருக்கித் தள்ளினால் மத்தியானம் மறுபடி தரையெல்லாம் இலைப்பொடி.

தோஹாவில் இருக்கும் மகள் பிஜி வீடியோவில் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அதுக்கு ஈரக்காத்து வேணும். ஜன்னலைத் திறந்து விடுங்க."

"அது முடியாது."

"இல்லேன்னா பாத்ரூம்ல வைங்க."

"ஆல்டர்ல நிக்கிற செடி."

"சும்மா வாசி பிடிச்சுப் பிடிவாதம் பண்ணாதீங்கப்பா. அம்மா வளர்த்த செடி அல்லே? உயிரோடயாவது இருக்கட்டும்."

பச்சையாக நாலைந்து இலைகளே மிஞ்சியபோது அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை மேடையில் வைத்தேன். குளித்து முடித்தால் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். கொஞ்ச நாளில் நடுவிலிருந்து சுருள் சுருளாகத் தளிர் வந்தது. பண்டிகை நெருங்கும்போது தொட்டி தெரியாத அளவு தழைத்துவிட்டது.

பண்டிகைக்கு முந்தைய நாள் சபைச் செயலாளர் சுவாமிதாஸ் வந்தார். ராகேல் இருந்தால் முந்திரிக்கொத்து செய்திருப்பாள். நான் கடையில் வாங்கித் தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். இந்த வீட்டுக்குச் சபையிலிருந்து ஆள் வருவதே இந்தச் செடிக்காகத்தான்.

"சாரே, வண்டி கீழ நிக்குது. செடியை எடுப்பமா?"

"இந்த வருஷம் இல்லை."

"பட்டுப்போச்சோ?"

"நல்லா இருக்கு. குளியலறையில இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கென்ன சாரே? எங்க வீட்டுக்காரி ஷைலஜா என் கட்டிலைத் தவிர எல்லா இடத்துலயும் செடி வச்சிருக்கா. தொட்டியைக் கழுவி எடுத்துட்டுப் போவோம். ஆரு அறியப்போறா?"

"எனக்குத் தெரியும், சுவாமிதாஸ்."

"ராகேல் அக்கா உங்களை எப்பிடித்தான் மேய்ச்சாங்களோ." ஒரு முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் கோயிலில் வழக்கம்போல் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வலப்பக்க மேடையில் வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. சுவாமிதாஸ் அங்கே வேறு செடி வைக்கவில்லை. அது மரியாதையா குத்தலா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் காணிக்கைப் பொருள்களின் ஏலத்துக்குப் போனார்கள். நான் ஆட்டோ பிடித்தேன்.

குளியலறைக்குப் போய்ப் பெரணியைப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பில் கொடிபோல் ஓடிய தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி வேர்விட்டிருந்தது. கவனமாகப் பிரித்து, வேரைக் கழுவி, புதுத்தொட்டியில் புதுமண்ணில் நட்டேன். பழைய செடி இனி ஆல்டருக்குப் போகாது. அது குளியலறையிலேயே என்னோடு இருக்கட்டும். இது முன்னறையில் வளர்ந்து அடுத்த வருடம் போகும்.

ராகேலின் ஸ்டூலில் அதை வைத்து, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்தேன். எதிர் பிளாட்டில் மத்தியானச் சாப்பாடு. யாரோ மோர் கேட்டார்கள்.

என் நாற்காலியை மட்டும் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.