பின் சீட்டின் எடை

மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் விளக்கு மாட்ட வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு என்பான் ஸஹ்ரான். பாதை தெரிவதற்காக மாட்டுகிறவன் ஒருவன், தன்னை ஊர் பார்ப்பதற்காக மாட்டுகிறவன் இன்னொருவன். இரண்டாம் ரகத்தை அவன் கொட்டகைக்குள்ளேயே விடமாட்டான். "கல்யாண வீடு மாதிரி ஜோடிக்கணும்னா நிஸ்வாவுல ஆயிரம் கடை இருக்கு, அங்க போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம். பகலில் மின்சார அலுவலகத்தில் வேலை, மாலையில் பிர்கத் அல் மவுஸில் தன் வீட்டுக்குப் பின்னால், பேரீச்சைத் தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகை. பாலைவனமும் மலையும் ஏறுகிற பெரிய வண்டிக்காரர்கள் மஸ்கட்டிலிருந்துகூட அவனைத் தேடி வந்தார்கள். இருட்டில் சாலைக்கு நடுவே ஒட்டகம் நிற்கிற நாடு இது. விளக்கு சரியாக விழுந்தால் மனிதன் வீடு திரும்புவான், விழாவிட்டால் மறுநாள் பள்ளிவாசலில் அவனுக்கு இறுதித் தொழுகை வைப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்தது வாடிக்கைக்காரன் இல்லை, அவன் தங்கை ரய்யாவின் கணவன் கல்ஃபான். மச்சானாவதற்கு முன்பே பத்து வருஷ நண்பன். இரண்டு பேரும் சேர்ந்து மேயாத மணல் இல்லை. பெற்றவர்கள் போன பிறகு ஸஹ்ரானுக்கு இரத்த சொந்தம் என்று மிஞ்சியவள் ரய்யா ஒருத்திதான். அவளை இவனுக்குக் கொடுத்ததை, தான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று பதினாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான், வெள்ளை ரெண்டு, மஞ்சள் ரெண்டு. இன்னைக்கே மாட்டிடணும்" என்று அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தான் கல்ஃபான்.

"என்ன அவசரம்? எங்க போறே?"

"சலாலா. அங்க சாரல் ஆரம்பிச்சிடுச்சு. பகல்ல இந்த வெயில்ல எவன் போவான்? ராத்திரி ஓட்டிடலாம்னு."

"மஞ்சள் மலைப் பனிக்கு, வெள்ளை ஒட்டகத்துக்கு. பரவால்ல, வயசானாலும் மூளை வேலை செய்யுது உனக்கு."

"உன்னை விட ரெண்டு வயசு சின்னவன்டா நான்."

"முடியைப் பாத்தா அப்படித் தெரியலையே. சாயம் அடிச்சிருக்கே?"

கல்ஃபான் தலையைத் தடவிக்கொண்டான். தாடியும் புதிதாக வெட்டியிருந்தது. ஸஹ்ரான் அதைக் கவனித்தான், சிரித்தான், அதோடு விட்டுவிட்டான். மற்ற எவனாக இருந்தாலும் அவன் மூளை இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டியிருக்கும். சொந்த மச்சான் என்றால் கணக்கு மறந்துவிடுகிறது.

வேலை நாலு மணிக்கு ஆரம்பித்தது. முன்பக்கப் பாதுகாப்புக் கம்பியில் பட்டைகளைப் பொருத்தி, இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் ரப்பர் கொடுத்து, விளக்குகளை உட்கார வைத்தான். டேங்கைக் கழற்றி, ஒயரை அதன் அடியில், புகைக்குழாயின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனான். கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, ஒயர் எங்கேயும் இழுபடவில்லை என்று மூன்று தடவை பார்த்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. சாவியை எடுத்தால் விளக்கும் அணைய வேண்டும். நடுக்காட்டில் பேட்டரி இறங்கி நின்றவனை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

கல்ஃபான் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை செய்தி வரும்போதும் போனை மார்புப் பக்கம் சாய்த்துப் படித்தான்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்து வந்ததும் விளக்கை நேர்படுத்துகிற வேலை. ஸஹ்ரானுக்குப் பிடித்த கட்டமே அதுதான். தோப்புச் சுவரில் அவன் அடித்து வைத்த கோடுகள் உண்டு. எட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, பக்கப் பெட்டிகளில் பயணச் சாமான் எல்லாம் ஏற்றி, ஓட்டுகிறவனையே மேலே உட்கார வைத்துத்தான் திருகை முறுக்குவான். வெறும் வண்டியில் வைத்த விளக்கு சாமான் ஏறியதும் வானத்தைப் பார்க்கும். எதிரே வருகிற லாரிக்காரன் கண் குருடாகும், முன்னால் நிற்கிற ஒட்டகத்தின் கால் தெரியாது.

கல்ஃபான் ஏறி உட்கார்ந்தான். வெள்ளை ஒளி சுவரில் விழுந்தது. ஸஹ்ரான் குனிந்து, நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, கோட்டின்மேல் கச்சிதமாக நிறுத்தினான்.

"முடிஞ்சது. இறங்கு."

"கொஞ்சம் கீழ இறக்கேன், மச்சான்."

"எதுக்கு? கோட்டு மேல இருக்கு பாரு."

"ரெண்டு விரல் இறக்கு. லாரிக்காரனுக்கு அடிக்கும்."

"எனக்கே பாடமா? இறக்கினா உனக்குத்தான் தூரம் போகாது."

"பின்னால இன்னும் கொஞ்சம் வெயிட் ஏறும். அதுக்குத்தான்."

"எவ்வளவு?"

"ஒரு அம்பத்தஞ்சு."

"அம்பத்தஞ்சு கிலோவா! பெட்டிதான் நிறைஞ்சுடுச்சே, எங்க ஏத்துவே?"

"சீட்ல."

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். ஆனால் ஸஹ்ரானுக்கு அப்போதும் உறைக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடப்பாவி, ரய்யாவைக் கூட்டிட்டுப் போறியா? வண்டியில ஏறவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினாளே! சொல்ல வேண்டியதுதானே? ஆனா அம்பத்தஞ்சுன்னு சொன்னா அவளே சிரிப்பா. மூணு புள்ளைக்கு அப்புறம் எண்பது போடு."

கல்ஃபான் சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்பத்தஞ்சு போதும், மச்சான்."

திருகாணிச் சாவி ஸஹ்ரானின் கையில் அப்படியே நின்றது. பின் சீட்டில் புதிதாக முதுகுச் சாய்வு ஒன்று மாட்டியிருந்ததை இப்போதுதான் பார்த்தான். மூன்று மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வேலை செய்திருக்கிறான். விளக்கு மாட்டுகிறவன், விளக்கு மாட்டுகிறவன் என்று ஊரெல்லாம் பேர். கண்ணுக்கு முன்னால் இருந்தது தெரியவில்லை.

"யாரு?"

"பஹ்லாவுல டீச்சர். நல்ல குடும்பம்."

"நிக்காஹ்?"

"ரம்ஜானுக்கு முன்னாடியே. மறைச்சு வெச்சு எந்தத் தப்பும் பண்ணல நான்."

"ரய்யாவுக்குத் தெரியுமா?"

"நேரம் பாத்துச் சொல்லுவேன். நீ வாயைத் திறக்காதே."

"தப்பு பண்ணாதவன் எதுக்குடா நேரம் பாக்கறே?"

கல்ஃபான் வண்டியை விட்டு இறங்கினான். இவ்வளவு நேரம் பம்மியவனுக்கு இப்போது எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"இங்க பாரு மச்சான். மார்க்கத்துல தடையில்ல, சட்டத்துல தடையில்ல. ரய்யாவோட நிக்காஹ் காகிதத்துலயும் ஒண்ணும் எழுதல. எழுத வேணாம்னது யாரு? நான் கேட்டேனா? நீயா வந்து, சிரிச்சுக்கிட்டே சொன்னே, 'என் தங்கச்சி இப்படி ஒரு வரி எழுதச் சொல்றா, பைத்தியம், நான் எடுத்துட்டேன்'னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நிக்காஹுக்கு முந்தின நாள் ரய்யா அவனிடம் தனியாக வந்து, தான் இருக்கும்போது கல்ஃபான் இன்னொருத்தியைக் கட்டினால் தான் விலகிக்கொள்ள உரிமை வேண்டும் என்று நிபந்தனை எழுதச் சொன்னாள். எத்தனையோ பெண்கள் எழுதி வாங்குவதுதான். தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்காகப் பேச வேண்டியவன் இவன். "சரி" என்று தலையாட்டினான். மறுநாள் பள்ளிவாசலில் எழுதுகிறவர், "பெண் தரப்பில் நிபந்தனை ஏதாவது?" என்று கேட்டபோது, எதிரே நண்பன் வெள்ளைத் திஷ்தாஷா அங்கியும் இடுப்பில் கஞ்சர்க் குத்துவாளுமாக உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அவன் சித்தப்பன் பெரியப்பன்கள். அவ்வளவு பேர் முன்னால் உன்னை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஒன்றும் இல்லை" என்றான் ஸஹ்ரான். அதோடு விட்டானா? அதைப் பெரிய உபகாரம் போல நண்பனிடம் போய்ச் சொல்லி, அவன் கட்டித் தழுவிக்கொண்டதில் குளிர்ந்தும் போனான். காகிதத்தைப் படித்துப் பார்த்த ரய்யா ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "கூச்சமா இருந்துச்சு" என்றான். அப்புறம் அவள் கேட்கவேயில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று இவன் நினைத்துக்கொண்டான். நமக்குச் சௌகரியமானதைத்தானே நாம் நினைப்போம்.

சுவரில் வெள்ளை வட்டம் கோட்டின்மேல் அசையாமல் நின்றது. இப்படியே விட்டுவிட்டால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாலைவனத்தில் ஹைமா ஊரைத் தாண்டினால் மூன்று மணி நேரம் ஆள் அரவம் இல்லை. பின்னால் அந்தப் புதியவள் உட்கார, முன்பக்கம் தூக்க, வெளிச்சமெல்லாம் வானத்துக்குப் போகும். மீதியை ஏதாவது ஒரு ஒட்டகம் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். பார்த்தே இராத ஒரு பள்ளிக்கூட டீச்சர் அவனுக்கு என்ன செய்தாள்?

தன் வீட்டுச் சமையல்கட்டுக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தூக்கி வந்தான். பதினைந்து கிலோ பேரீச்சை டின் ஒன்றையும் எடுத்து வந்தான். மூன்றையும் பின் சீட்டில் அடுக்கி, சாய்வோடு சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான்.

"ஏறு."

கல்ஃபான் ஏறினான். சுவரில் வட்டம் ஒரு சாண் மேலே தாவியது. ஸஹ்ரான் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கினான். வட்டம் பாதி இறங்கியது. மீதியைத் திருகில் இறக்கினான், முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள். தங்கையின் சக்களத்திக்குத் தன் வீட்டு அரிசியை அளந்து வைத்து விளக்கு பிடித்தவன் இந்த ஜில்லாவில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்கு அரிசியும் சொந்த அரிசியாகவே அமைந்துவிட்டது.

"கோபமா, மச்சான்?"

"மூட்டையை நீயே அவுத்து வெச்சுட்டுப் போ."

ஒரு வாய் கஹ்வா காபி ஊற்றாமல், ஒரு பேரீச்சம்பழம் கொடுக்காமல் அனுப்பினான். அந்த ஊரில் வாசலுக்கு வந்தவனை அதற்குமேல் அவமதிக்க முடியாது. கல்ஃபானுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. வண்டி தோப்பைத் தாண்டிப் போகும்போது வெளிச்சம் தரையோடு தரையாக, அவ்வளவு அழகாக விழுந்தது. கைவேலை நன்றாக இருக்கிறதே என்று மனசு ஒரு நொடி பெருமைப்பட்டதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது ஸஹ்ரானுக்கு.

தங்கை வீடு பத்து நிமிஷத் தூரம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டே போனான். ரய்யா சமையல்கட்டில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"வாண்ணே. மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. ரய்யா, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"எத்தனை பேருக்குக் கணக்கு பண்ணி வெச்சே?"

அவன் கோத்து வந்த வார்த்தை எல்லாம் உதிர்ந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"வண்டி நிறுத்தற இடத்துல அட்டைக்கு அடியில புது ஹெல்மெட் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தாரு. எனக்குத்தானோன்னு எடுத்துப் போட்டுப் பாத்தேண்ணே. காதோட நின்னுடுச்சு." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அப்புறம் விசாரிச்சேன். டீச்சராம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவனை வாசல்லயே நிறுத்தி..."

"விளக்கை மஸ்கட் கடையில மாட்டிக்கறேன்னாரு. நான்தான், எங்க அண்ணன் இருக்க எதுக்கு அடுத்தவன்னு உங்கிட்ட அனுப்பினேன்."

"நீயா? ஏன் ரய்யா?"

அவள் அடுப்பை அணைத்தாள். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்த ஒரு வரி காகிதத்துல இருந்திருந்தா இன்னைக்கு நான் தலை நிமிர்ந்து வெளிய வந்திருப்பேன். இப்ப நானா போய்க் கோர்ட்டுல நின்னு, வாங்கின மஹர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கறேன், என்னை விட்டுடுங்கன்னு கெஞ்சணும். இல்ல, வாயை மூடிக்கிட்டு ரொட்டி சுடணும். சரி, அது என் தலையெழுத்து. உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் அனுப்பினேன்."

"கேளு."

"அன்னைக்கு எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூச்சமா இருந்துச்சுன்னே. இன்னைக்கு அவர்கிட்ட, பின்னால எத்தனை கிலோன்னு கேட்டிருப்பியே, அப்ப கூச்சமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவளிடம் 'சரி' என்று தலையாட்டிய ஒரு பொய்க்கே இன்னும் கணக்கு முடியவில்லை.

"இல்ல" என்றான்.

ரய்யா தலையாட்டினாள். அதைத்தான் எதிர்பார்த்தவள் போல ரொட்டிகளைத் துணியில் சுற்றி மூடி வைத்தாள். பிறகு கூடத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், பெரிய மகனைக் கூப்பிட்டாள்.

"மாமா கிளம்பறாரு. கதவைத் திறந்து விடு."