இருக்கை ஒருங்கிணைப்பு அதிகாரி

அந்தக் கம்பெனி தண்ணீர்க் குழாய் தயாரிப்பதாகத்தான் வாசல் பலகை சொன்னது. உள்ளே தயாரானவை பெரும்பாலும் கூட்டங்கள். குழாய் விற்றால் விற்றதற்கு ஒரு கூட்டம், விற்காவிட்டால் ஏன் விற்கவில்லை என்று ஒரு கூட்டம். கூட்டங்கள் அதிகமாகிவிட்டன என்று புகார் வந்தபோது அதைப் பற்றி ஆலோசிக்கவும் ஒரு கூட்டம் போட்டார்கள். இத்தனைக்கும் மூன்றாவது மாடியில் இருந்தது ஒரே ஒரு அரங்கம். அந்த அரங்கத்தில் நாற்காலி போடுவதுதான் அவளுடைய வேலை. கம்பெனியில் எல்லோரும் அவளை நாற்காலியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

நாற்காலி போடுவதில் என்ன பெரிய சூட்சுமம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. தூணுக்குப் பின்னால் அவள் நாற்காலி போடமாட்டாள். முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்காதபடி ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் தள்ளிப் போடுவாள். வரிசையின் இரு முனைகளும் மேடையைப் பார்த்து லேசாக வளைந்திருக்கும். ஓரத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு யாரும் கழுத்துச் சுளுக்கோடு வீட்டுக்குப் போகக்கூடாது. கணக்குப் பிரிவுத் தலைவர் பருமனானவர். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுவாள். விட்டது அவருக்கே தெரியாது. பாதியில் நழுவுகிறவர்களுக்குக் கதவோரம். தூங்குகிறவர்களுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே. தூங்குகிறவரும் மனுஷர்தானே என்பது அவள் கட்சி.

போட்டு முடித்ததும் கதவருகே நின்று ஒரு பார்வை பார்ப்பாள். எங்காவது ஒரு நாற்காலி மட்டும் சண்டை போட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். போய் அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து மறுபடி பார்ப்பாள். அப்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்காரும். அதற்கப்புறம் யார் மேடையேறி என்ன பேசினாலும் அவளுக்குக் கவலையில்லை. கேட்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இருந்ததில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு பேச்சாளர் வந்து புகுந்தார்.

ஊழியர்கள் முகத்தில் களையே இல்லை என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. களை வரவழைக்க ஆள் பிடித்தார்கள். தலைப்பு, 'சின்ன வேலை, பெரிய நிறைவு'. பேச்சாளர் காதில் மைக் மாட்டிக்கொண்டு மேடையில் இங்குமங்கும் நடந்தபடி பேசினார். உலகத்தில் சின்ன வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார். இதைச் சொல்வதற்காக அவர் விமானத்தில் வந்திருந்தார். பேச்சின் உச்சத்தில் இரண்டு கைகளையும் விரித்து, "இந்த நாற்காலியெல்லாம் யார் போட்டது?" என்று கேட்டார். எல்லா ஊரிலும் அந்த இடத்தில் அவர் கேட்கிற கேள்விதான் அது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நாற்காலியம்மா அவசரமாக வரிசைகளை எட்டிப் பார்த்தாள். எதையோ கோணலாகப் போட்டுத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அவளை மேடைக்கு இழுத்து வந்தார்கள். பேச்சாளர் அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எழுந்த வேகத்தில் வரிசைகள் கலைவதைத்தான் அவள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி இளகிய மனசுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"இப்படிப்பட்டவங்களைப் போய் இத்தனை வருஷமா நாற்காலி தூக்க விட்டிருக்கோமே, நாமெல்லாம் மனுஷங்களா? இன்னையிலிருந்து இந்தம்மா ஒரு நாற்காலியைக்கூடத் தொடக்கூடாது."

அரங்கம் அதிர்ந்தது. முதலில் கை தட்டியவர் பேச்சாளர்தான். சின்ன வேலை என்று ஒன்று கிடையாது என்று அவர் சொன்ன ஈரம் இன்னும் வாயில் காயவில்லை.

மறுநாளே அவளை இருக்கை ஒருங்கிணைப்பு அதிகாரி ஆக்கினார்கள். இரண்டாவது மாடியில் ஓர் அறை, கதவில் பதவிப் பலகை, உள்ளே சுழலும் நாற்காலி ஒன்று. வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒரு செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்க அவருக்கு ஒரு நாள் ஓட்டம் போதும். டிப்போவில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், சில்லறை கேட்ட பயணிகளிடமும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்காவின் மருமகன் ஏதோ ஓர் ஆபீசில் அதிகாரி. மகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மாள் அதைச் சொல்லாமல் போனை வைத்ததில்லை. இன்று முதல்முறையாகத் தம்பி பேசினார், அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்தபோது நாற்காலியம்மாவுக்குப் பதவியை மறுக்க மனசு வரவில்லை. இந்த மனுஷர் இப்படி நிமிர்ந்து நின்று பார்த்ததே இல்லையே என்று அந்த அறையில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரிக்கு என்ன வேலை என்பது யாருக்கும் தெரியவில்லை. வெளியாள் வைத்து நாற்காலி போடுவதென்று முடிவாகி இரண்டு தடியர்கள் வந்தார்கள். அவர்கள் போடவில்லை, எறிந்தார்கள். அவளுடைய அறை அரங்கத்துக்கு நேர் கீழே. ஒவ்வொரு நாற்காலி விழும்போதும் அவளுக்குத் தன் குழந்தையை யாரோ தரையில் போட்டதுபோல இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மேலே ஓடிப்போய் தூணுக்குப் பின்னால் கிடந்த ஒரு நாற்காலியை நகர்த்தினாள். எங்கிருந்தோ நிர்வாக மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார்.

"மேடம், நீங்க போய் இதெல்லாம் தொடலாமா? யாராவது பார்த்தா ஒரு மாதிரி ஆயிடும்."

"தூண் மறைக்குது சார்."

"மறைக்கட்டும் மேடம். நீங்க அதைப் பத்தி ஓர் அறிக்கை குடுங்க."

கொடுத்தாள். தூண் மறைக்கிறது என்று ஒரே வரி. அதைப் பரிசீலிக்கக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கே தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கை விலாவில் குத்த, முன்னால் இருந்தவரின் மண்டை மேடையை மறைக்க, அவள் கையைத் தூக்கித் தானே பழையபடி நாற்காலி போடுவதாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியான பிறகு நகைச்சுவை உணர்வும் வந்துவிட்டது என்று கணக்குப் பிரிவுத் தலைவர் பாராட்டினார். அவர் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டிருந்தார்.

அவள் சிரிக்கவில்லை என்பதை மேனேஜர் கவனித்துவிட்டார். பதவியை மனசு இன்னும் ஏற்கவில்லை, இது ஒருவகை நோய் என்று முடிவு கட்டி அதே பேச்சாளரை மறுபடி வரவழைத்தார்கள். இந்த முறை தலைப்பு, 'உயரத்துக்குப் பழகு'. அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பேச்சின் உச்சத்தில் கைகளை விரித்து, இந்த நாற்காலியெல்லாம் யார் போட்டது என்று கேட்டார். தடியர்கள் இருவரும் எழுந்தார்கள். நல்லவேளை, முதலாளி அன்றைக்கு வெளியூரில் இருந்தார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தும் உடம்பு அடித்துப்போட்டதுபோல வலித்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்த நாற்காலிகளையே காலையிலும் மாலையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர் அதை அதிகாரிகளின் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வழி தானாக வந்தது. குழாய் சரியாக விற்கவில்லை. ஒவ்வொரு பிரிவும் எதைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்ல வேண்டும் என முதலாளி அதிகாரிகளைக் கூப்பிட்டார். விற்பனைக்காரர் கணக்குப் பிரிவில் ஆள் குறைக்கலாம் என்றார். கணக்குக்காரர் விற்பனையில் குறைக்கலாம் என்றார். மேனேஜர் டீயின் அளவைக் குறைக்கலாம் என்றார். கடைசியில் அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொன்னதில்லை.

"என் பிரிவுல ஓர் அதிகாரி தேவையில்லை சார். வெளியாளுங்களும் தேவையில்லை. நாற்காலி போட நான் ஓர் ஆள் போதும்."

முதலாளிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அடுத்தவர் கழுத்தைக் காட்டாமல் தன் பிரிவையே வெட்டச் சொன்ன அதிகாரியை அவர் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியே தொடக்கூடாதென்று தான் சொன்ன அதே அம்மாதான் அந்த அதிகாரி என்பதை அவர் அப்போதைக்கு மறந்தும் போயிருந்தார். சொன்ன கையோடு உத்தரவு போட்டுவிட்டு, இப்படிப்பட்டவருக்கு ஒரு பதவி உயர்வு கொடுக்கலாம் என்றார். எந்தப் பதவி என்று மேனேஜர் கேட்டதும்தான், ரத்து செய்தது அவளுடைய பதவியையே என்பது அவருக்குப் புரிந்தது. நாற்காலியம்மாவுக்கு ஒரு கணம் உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளையாக, உயர்வை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அங்கே தள்ளி வைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை.

பிறகு துக்கம் விசாரிக்க வந்தார்கள். மேனேஜர் அறைக்கு வந்து, மனசைத் தளரவிடாதீங்க என்றார். கணக்குப் பிரிவுத் தலைவர் கண்கலங்கினார். அவளும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். அதுதான் பெரும் பாடாக இருந்தது. அடக்க அடக்க உதட்டோரம் தானாக மேலே போனது.

வீட்டில் நாத்தனார், நோயாளியைப் பார்க்க வருவதுபோல ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து இறங்கினாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோம்மா. எல்லாரும் அதிகாரியா இருந்திட முடியுமா? எங்க மாப்பிள்ளை மாதிரி..."

"ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டு நாற்காலியம்மா அவசரமாகச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதே. தோள் குலுங்குவது மட்டும் கூடத்திலிருந்து தெரிந்தது. "அழட்டும் விடுடா, பாரம் குறையும்" என்றாள் நாத்தனார், தம்பியிடம்.

வீட்டுக்காரர்தான் உண்மையிலேயே உடைந்துபோனார். டிப்போவில் தலைகாட்ட முடியவில்லை என்று விடுப்புப் போட்டு வீட்டில் கிடந்தார். அவரிடம் மட்டும் அவளால் நடிக்க முடியவில்லை. பதவியை வேண்டாமென்று விட்டது தான்தான் என்று சொல்லிவிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவர் கோபத்தோடுதான் கிளம்பினார். மூன்றாவது மாடிக்கு ஏறி அரங்கத்துக் கதவைத் தள்ளினால், உள்ளே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தடியர்கள் குவித்துவிட்டுப் போன நாற்காலி மலையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு நாற்காலியை வைப்பாள், ரெண்டு அடி பின்னால் போய்ப் பார்ப்பாள், வந்து அரை விரல் நகர்த்துவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் மனைவி வேலை செய்வதை அவர் பார்த்தது அன்றுதான். கூப்பிட வாயெடுத்தவர் அப்படியே நின்று பார்த்தார்.

நிற்கக் கால் வலிக்கவே கடைசி வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்ட இடம் இருந்தது. இடுப்பைத் திருப்பாமலே மேடை முழுசாகத் தெரிந்தது. பஸ்ஸில் நின்றே இத்தனை காலத்தைத் தள்ளியவருக்கு அது விநோதமாக இருந்தது. சாய்ந்துகொண்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, எப்ப வந்தீங்க?"

"இப்பதான். இதை மறந்துட்ட." கண்ணாடியை நீட்டினார். மேடையைப் பார்த்தபடியே, "உட்கார நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"நல்லா இருக்குங்கறது சரி. கொஞ்சம் எழுந்திரிங்க. நீங்க சாய்ஞ்சதுல வரிசை கோணிப்போச்சு."

அவர் எழுந்து, தன் நாற்காலியைத் தானே ஒருமுறை நேராக்கிப் பார்த்தார். சரியில்லை என்று அவள் தலையசைத்தாள். மறுபடி நகர்த்தினார்.