எடைமேடையில் ஏறிய பெயர்

எடைமேடைக்காரியின் வீட்டில் ஒரு பெயர் ஏழு வருடம் வளர்ந்தது. பெயர் மட்டும்தான், அதற்கு ஆள் கிடையாது. இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பால்காரர் அந்த வீட்டுக்கு ஒரு குவளை கூடுதலாக ஊற்றினார். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் அவளுக்கு வழிவிட்டபின், அவள் பின்னால் வருவதற்கும் வழிவிட்டு, அப்புறம் ஏறினார்கள்.

அவள் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். அவள் முழுகாமல் இருந்த அந்த வருடம், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே அவர் பயணிகளிடம் உங்கள் பெயருக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்த பெயர் என்று கேட்க ஆரம்பித்தார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அதற்கு நேர்மாறாக இருந்தார்கள். வீரன் என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தவர் தெருநாய்க்குப் பயந்து ஒரு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்குவார். அமைதி என்று பொருள்படும் பெயர்கொண்ட அம்மாள் ஜன்னலோர சீட்டுக்காகப் பஸ்ஸையே இரண்டாக்கினாள். கடைசியில் பெட்டியோடு ஏறிய ஒரு பெண் தன் அக்காவின் பெயரைச் சொன்னாள். கப்பலில் வந்து இறங்கிய யாரோ கொண்டுவந்த பெயராம் அது. வந்தவர்கள் காலப்போக்கில் தங்கள் பேச்சை மறந்துவிட்டார்கள், பெயர்களை மட்டும் விடவில்லை. வர நேரமாகும் ஒருவருக்காக அணைக்காமல் வைக்கும் விளக்கு, அதுதான் அந்தப் பெயரின் பொருள். கண்டக்டர் இரண்டு நிறுத்தங்களுக்கு விசில் கொடுக்க மறந்துபோனார்.

பிறந்த பிறகு கூப்பிட வேண்டிய பெயரை அவர் அன்று மாலையே கூப்பிட்டார். தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் மனைவியின் வயிற்றருகே குனிந்து கூப்பிடுவார். உள்ளே ஓர் உதை விழும். அவளும் சமையலுக்கு நடுவே, துணி காயப்போடும்போது என்று கூப்பிடப் பழகினாள். பெயரும் பழகிவிட்டது. குழந்தை பிறந்தது, பெண். ஆனால் அழவில்லை. அழாமலேயே போய்விட்டது. இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது பெயர் உள்ளே காத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கண்டக்டர் பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுப்படிப் பக்கமிருந்து “ம்” என்று பதில் வந்தது. எடைமேடைக்காரி ஆச்சரியப்படவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடந்தது அவளுக்கு. சுவரோரமாக உட்கார்ந்து மடியில் கையை ஏந்திக்கொண்டாள். சிறிது நேரத்தில் கட்டு இளகியது. வாசல் பல்பும் அன்று முதல் அணையவில்லை. ஸ்விட்சை அணைத்தார்கள், ஃபியூஸைப் பிடுங்கினார்கள், எலக்ட்ரீஷியன் வந்து வயரையே வெட்டினார். பல்பைக் கழற்றினால் கையிலும் எரிந்தது. அவர் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, “இருந்துட்டுப் போவட்டும்கா” என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவளுக்கு வேலை, மரக்கடைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் நடுவில் இருந்த எடைமேடையில். லாரி காலியாக ஒரு தடவை ஏறி நிற்கும், சுமையோடு ஒரு தடவை ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சிவப்பு எண்களைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். நடக்கப் பழகியதும் பெயரும் கூடவே வந்தது. பகலெல்லாம் இரும்பு மேடைமேல் அது ஓடியாடும் சத்தம் தடதடவென்று கேட்கும். ஆனால் லாரிக்கான எந்திரம் அது. இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும் அது மதிக்காது. அதனால் எத்தனையோ வருடம் எண் பலகையில் பூஜ்யமே நின்றது. ஒரு மத்தியானம் ஒரு டிரைவர் ஜன்னலைத் தட்டினார்.

“அக்கா, மெஷின் கோளாறு போல. மேடைல ஒண்ணுமே இல்ல, இருபது காட்டுது.”

அவள் எட்டிப் பார்த்தாள். காலி மேடை, வெயில், சிவப்பில் இருபது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“கோளாறு இல்லண்ணே. எம் பொண்ணு. இருபது கிலோ ஆயிட்டா.”

டிரைவர் மேடையை ஒரு முறை பார்த்தார். “அப்ப ஓரமா நிக்கச் சொல்லுங்க, ரிவர்ஸ் எடுக்கறேன்” என்றார். அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் அவள் ஜன்னலைத் திறந்து பெயரைக் கூப்பிட்டு, கீழே இறங்கு என்பாள். “என்னம்மா?” என்று ஒரு குரல் வரும், எண் பூஜ்யத்துக்கு இறங்கும்.

அடுத்த வருடம் கொழுந்தனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குறை ஒன்றே ஒன்று, குழந்தைமேல் எந்தப் பெயரும் ஒட்டவில்லை. மலர் என்று பொருள் வரும் பெயரை வைத்தார்கள், கிழக்கு என்று பொருள் வரும் பெயரை வைத்தார்கள், பொருளே இல்லாத பெயரையும் வைத்துப் பார்த்தார்கள். காலையில் வைத்தது பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிடும். என்ன வைத்தோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. குழந்தை நன்றாகப் பால் குடித்தது, ஆனால் தராசில் வாராவாரம் எடை இறங்கிக்கொண்டே வந்தது. “பேர் ஒட்டாத புள்ளைக்கு எடை நிக்காதும்மா” என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஃபேன் போடுவதை நிறுத்தினார்கள். பிறகு குழந்தையை ஒரு புடவைத் துண்டால் கட்டில் காலோடு கட்டி வைத்தார்கள்.

ஓரகத்தி ஒரு நாள் குழந்தையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். காற்றில் பறந்துவிடாமல் காகிதத்தை அமுக்கிப் பிடிப்பதுபோல் குழந்தையை மார்போடு அமுக்கியிருந்தாள்.

“கேக்க வாய் வரலக்கா.”

“அப்பக் கேக்காத.”

“வேற வழி தெரியல.”

“அது வெறும் பேர் இல்லடி, எம் பொண்ணு. ஏழு வருஷமா வளக்கறேன். உன் புள்ளையை யாராவது கேட்டா தூக்கிக் குடுப்பியா?”

ஓரகத்தி எழுந்து போனாள். அன்று கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை. “நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுக் கூப்பிட்டேன்” என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். மறு வாரம் முடிச்சு அவிழ்ந்து குழந்தை கூரையைத் தொட்டுக்கொண்டு மிதந்தது. கொழுந்தன் மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறி இறக்கினான். ஜன்னல் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடைமேடைக்காரி ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போனாள்.

“சித்தி வீட்ல இரும்மா. போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். குழந்தை பொத்தென்று மெத்தையில் இறங்கியது, கட்டில் கிரீச்சிட்டது. ஓரகத்தி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எடைமேடைக்காரியின் வீட்டுக் கதவருகே “என்னம்மா?” என்று குரல் கேட்டது. கொழுந்தன் வீட்டில் குழந்தை மறுபடி மிதந்துகொண்டிருந்தது.

“நீ என்ன சொல்லி அனுப்புன?” என்று கண்டக்டர் கேட்டார்.

“போயிட்டு வான்னுதான்.”

“அதான் வந்துட்டா.”

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. வாசலைத் தாண்டுகிறவரைப் பார்த்து வெறுமனே “போ” என்று யாரும் சொல்வதில்லை. தபால்காரரிடம்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். பெயரோ சொன்ன பேச்சு கேட்டு வளர்ந்த பெயர்.

மறுநாள் காலையில் அவள் பெயருக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பு வெறும் காற்றில் போய் வந்தது, ஆனால் சிக்கு எங்கே இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். பால் கொடுத்தாள். பிறகு அழைத்துப் போனாள். குழந்தையைக் கட்டியிருந்த கட்டிலருகே நின்றதும் பெயர், “எப்பம்மா திரும்பி வரட்டும்?” என்று கேட்டது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

“போ” என்றாள். முந்தானை இழுபட்டது, விடவில்லை.

“போன்னு சொல்றேன்ல! காது கேக்கல? வராத. போ!”

ஏழு வருடத்தில் அவள் அதனிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். முந்தானை தளர்ந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டாள், குழந்தை கீழே இறங்கி, பிறந்ததிலிருந்து அழாத அழுகையை வீரிட்டு அழுதது. அந்த அழுகைக்காக எடைமேடைக்காரி ஏழு வருடமாகக் காத்திருந்தாள், ஆனால் அதைத் தூக்கிச் சமாதானப்படுத்தும் உரிமை ஓரகத்திக்குத்தான் இருந்தது. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் பல்பு அணைந்திருந்தது. இருட்டில் கண்டக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் அவளும் உட்கார்ந்தாள்.

எலக்ட்ரீஷியன் வந்து வயரை ஒட்டிக் கொடுத்தார், பல்பு எல்லா வீட்டுப் பல்பையும்போல எரிந்து அணைந்தது. காலி மேடை பூஜ்யம் காட்டியது. பெயரின் எடையும் சேர்ந்துகொண்டதால் முதல் சில மாதம் குழந்தையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உடம்பு வளர வளர எடை சரியாகிவிட்டது. பெண் நன்றாக ஓடினாள், படித்தாள், வாயாடினாள். எடைமேடைக்காரி அவளைக் கண்ணு என்பாள், குட்டி என்பாள், ஏய் என்றுகூடச் சொல்வாள். அந்தப் பெயரை மட்டும் சொல்லவே மாட்டாள். கூப்பிட்டால் பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்ற பயம் அவளுக்கு.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கொழுந்தன் பெண்ணை எடைமேடையில் விட்டுவிட்டுப் போனான். அவள் இரும்பு மேடைமேல் தடதடவென்று ஓடினாள். உள்ளே பலகை இருபது காட்டியது. மரம் ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கண்ணு என்று கத்தினாள், கேட்கவில்லை. குட்டி என்று கத்தினாள், அதுவும் கேட்கவில்லை. ஜன்னலைத் தள்ளித் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

பெண் சட்டென்று கீழே குதித்தாள். எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். குரல் மாறவே இல்லை, அதே குரல்தான்.

“என்ன பெரியம்மா?”

எடைமேடைக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. வண்டி வருது, ஓரமா நில்லு” என்றாள். லாரி மேடையில் ஏறி நின்றது. டிரைவர் இறங்கி வரும்வரை பார்த்திருந்து, எடை போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.